மூன்றாம் வாசல்

மேசை சாய்ந்திருந்ததா, என் கை சாய்ந்திருந்ததா என்பது இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை. மேசையாகத்தான் இருக்க வேண்டும் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் சிமெண்ட் தரை தெற்குப் பக்கம் கொஞ்சம் இறக்கம். அங்கே போட்ட மேசையின் ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்திருப்போம். பெருக்கும்போது அது நகர்ந்துவிடும். தைப் பொங்கல் முடிந்த அந்த வாரமும் நகர்ந்திருக்கலாம். நகராமலும் இருந்திருக்கலாம். முதல் நாளைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடியாதது இது ஒன்றுதான். மற்ற நாட்களைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை.

வித்யா மேடம், போன வாரம் நான் வேலை பார்க்கும் லாரி எடை மேடைக்கு நீங்கள் வந்து கேட்டதற்கு என்னால் நேரில் பதில் சொல்ல முடியவில்லை. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு லாரி போய் இன்னொரு லாரி வரும்வரை படித்துக்கொண்டிருப்பேன். யாராவது பேச்சுக் கொடுத்தால் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு அவர் முடிக்கும்வரை காத்திருப்பேன். அப்படிப்பட்டவனிடம் கேள்வி கேட்டால் எழுத்தில்தான் பதில் வரும். பூபதிக்கு நரம்புப் பரிசோதனை நன்றாக வந்த பிறகும் கை ஏன் வராமல் போனது, நீங்கள் ஆடச் சொன்ன விளையாட்டால் கெட்டுவிட்டதா என்று கேட்டீர்கள். விளையாட்டால் கெடவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி பூபதி என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். பத்தொன்பது வயதில் திருச்செங்கோட்டுக்காரர் ஒருவருடைய ரிக் வண்டியில் ஏறினான். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி அது. வருடத்தில் ஒன்பது மாதம் சத்தீஸ்கரிலும் மத்தியப் பிரதேசத்திலும் இருப்பான். மழைக்காலத்து மூன்று மாதம் நாமகிரிப்பேட்டையில் எங்களோடு இருப்பான். அந்த மூன்று மாதமும் வாசலில் நாலைந்து பைக் நிற்கும். கறி வேகும். அவனுடைய கூட்டாளி ராசுவும் மற்றவர்களும் கூடத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருப்பார்கள். சிரிக்க வைப்பவன் பூபதிதான். பல சமயம் என்னை வைத்துச் சிரிக்க வைப்பான்.

"எங்கண்ணன் வேலைக்குப் போறதில்ல. லாரிதான் எங்கண்ணனத் தேடி வந்து ஏறி நிக்கோணும்" என்பான்.

கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. நானும் சிரித்திருக்கிறேன். ஊரில் என் பெயர் தமிழரசு என்று தெரிந்தவர்கள் குறைவு. பஸ்ஸில் இடம் கொடுப்பவர்கள்கூட "பூபதியோட அண்ணனுங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்கள். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. நீங்கள் எங்கள் வீட்டைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆனித் தொடக்கத்தில், மழைக்கு ஊர் திரும்பும் சமயத்தில், ராய்ப்பூருக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் குழாய் சங்கிலியிலிருந்து நழுவி அவன் வலது தோளில் விழுந்தது. கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்தார்கள். நரம்பு அறுந்துபோகவில்லை, இழுபட்டிருக்கிறது, மெல்ல வரும், ஆனால் தசையைத் தினமும் வேலை வாங்க வேண்டும், ஒன்றரை வருடத்துக்குள் வராதது பிறகு வராது என்றார் டாக்டர். பிறகு ராசிபுரத்தில் பிசியோதெரபிக்கு உங்களிடம் வந்தோம். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னீர்கள். சுவரில் விரலால் ஏறச் சொன்னீர்கள். மார்கழி வரை செய்தான். பிறகு மாட்டேன் என்றுவிட்டான். பந்து அமுக்கவா பிறந்தேன் என்று உங்களிடமே கேட்டான்.

நீங்கள்தான் யோசித்து அந்த விளையாட்டைச் சொன்னீர்கள். கையை அசைத்தால் திரையில் வாள் அசையும் விளையாட்டு. அவன் மனைவி மஞ்சுளாவின் தம்பி மாதேஷ் ஓசூரில் தொழிற்சாலையில் இருக்கிறான். அவன் ஆடிப் பழசாக்கி வைத்திருந்த பெட்டியையும் ரிமோட்டையும் பொங்கலுக்கு வரும்போது கொண்டுவந்து எங்கள் டிவியில் மாட்டிக் கொடுத்தான்.

உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் எழுதுகிறேன். மலை மேல் ஒரு கோட்டை. ஏழு வாசல். வாசலுக்கு ஒரு கல் வீரன் காவல். முதல் வாசல்காரனை இடமிருந்து வலமாக வெட்ட வேண்டும். இரண்டாம் வாசல்காரனைக் குத்த வேண்டும். மூன்றாம் வாசல்காரன் கேடயத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்திருப்பான். தலை மட்டும்தான் வெளியே தெரியும். வாளை உச்சிக்குத் தூக்கி நேராக இறக்கினால் ஒழிய அவனை ஒன்றும் செய்ய முடியாது. தவறினால் கேடயத்தால் ஒரு தள்ளு தள்ளுவான். நாற்பத்திரண்டு படியும் உருண்டு கீழே வந்து மறுபடி ஏற வேண்டும். மாதேஷ் நல்ல கையோடு இந்த வாசலைத் தாண்டவே மூன்று நாள் ஆனதாகச் சொன்னான். நீங்கள் அதைக் கேட்டதும் சந்தோஷப்பட்டீர்கள். பூபதிக்குத் திரும்ப வர வேண்டிய அசைவு அதுதான் என்றீர்கள். மூன்றாம் வாசலைத் தாண்டிவிட்டால் கை வந்துவிட்டது என்று அர்த்தம் என்று அவனிடம் சொன்னீர்கள். அதை அவன் சத்திய வாக்காக எடுத்துக்கொண்டான்.

ஒரு சிக்கல் இருந்தது. ஆடுவதற்கு முன்னால் ரிமோட்டைச் சமமான இடத்தில் அசையாமல் வைத்து அதிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். எது நேர், எது நடு என்று பெட்டி அப்போதுதான் தெரிந்துகொள்ளும். பூபதியின் கட்டைவிரலுக்குப் பொத்தானை அழுத்தும் பலம் இல்லை. வேறு யாராவது அழுத்திவிட்டு, பிறகு ரிமோட்டை அவன் உள்ளங்கையில் வைத்துத் துணிப்பட்டையால் கட்டிவிட வேண்டும். இதை மாதேஷ் விளக்கியபோது பூபதி சிரித்தான். அடிபட்ட பிறகு அவன் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

"அட, ஜீரோ வெக்கறதுதான? அதுக்கு எங்கண்ணன உட்டா ஆளே கெடையாது. அவரு ஜாதகத்துலயே ஜீரோதான் இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சொன்னது உண்மையும்கூட. காலை ஆறு மணிக்கு எடை மேடையைத் திறந்ததும், மேலே கிடக்கும் மண்ணையும் மரவள்ளித் தோலையும் கூட்டித் தள்ளிவிட்டு உள்ளே வந்து எண்ணைப் பார்ப்பேன். ஒன்றும் நிற்காத மேடை சில நாள் இருபது கிலோ காட்டும். மழைக்கு மறுநாள் நாற்பதுகூடக் காட்டும். பொத்தானை அழுத்தி அதைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குத்தான் ஜீரோ வைப்பது என்று பெயர். அதைத் தப்பாக வைத்துவிட்டால் அன்று ஏறும் எல்லா வண்டியின் எடையும் தப்பு. எல்லாம் ஒரே அளவில் தப்பாக இருப்பதால் யாருக்கும் தெரியாது. ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு கொண்டுபோகும் விவசாயிகள் எண்ணைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். மிஷின் பொய் சொல்லுமா என்று கேட்பேன். சீட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இத்தனை வருடத்தில் அந்த மேடையில் நான் ஒரு கிலோ கூட மாற்றி வைத்ததில்லை. யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இரண்டு மணிக்கு வேலை முடியும். மஞ்சுளா ராசிபுரத்தில் ஜவுளிக்கடையில் நிற்கிறாள், ஏழு மணி பஸ்ஸுக்குத்தான் வருவாள். நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை பூபதி ஆடுவது என்று ஆயிற்று. அவன் டிவியைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். மேசை அவனுக்குப் பின்னால். ரிமோட்டை மேசையில் வைத்து ஜீரோ வைத்து, எடுத்துக்கொண்டு போய்க் கட்டிவிடுவேன்.

முதல் நாள் அவனால் முதல் வாசலையே தாண்ட முடியவில்லை. வாள் அவன் கைக்குக் கீழாகவே தொங்கியது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. ரிமோட்டின் மூக்கு கொஞ்சம் தூக்கியிருந்தபோது ஜீரோ வைத்திருக்கிறேன். தூக்கியிருந்ததே சமம் என்று பெட்டி எடுத்துக்கொண்டுவிட்டது. இனி அவன் சமமாகப் பிடித்தால் அது தாழ்வு. திரும்பிப் பார்த்தேன். மேசைக்கால் அட்டை நகர்ந்திருந்ததுபோல் இருந்தது. காலால் உள்ளே தள்ளிவிட்டு, "இரு சாமி, மறுபடி வெக்கறேன்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது அவன் கையைத் தொங்கவிட்டு, திரும்பாமலே சொன்னான். "அண்ணா, சித்த இங்கயே உக்காந்துக்க. எந்திரிச்சுப் போயிராத."

நாற்பத்து மூன்று வயதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். டிவியை அணைத்துவிட்டான். அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. ஜன்னல் வெயில் தரையில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு, எடை மேடையில் உட்கார்ந்து அப்படி என்னதான் படிப்பாய் என்று கேட்டான். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டான். சொன்னேன். கேட்டுக்கொண்டான்.

மறுநாள் மேசைக்கால் அட்டையைச் சரியாக வைத்தேன். ரிமோட்டின் மூக்குக்கு அடியில் ஒரு கவிதைப் புத்தகத்தை வைத்தேன். அரை விரல் கனம்கூட இருக்காது. என் மேசையில் எப்போதும் புத்தகங்கள் கிடக்கும். ஒன்றின் மேல் ரிமோட் இருப்பதை யாரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள்.

அவனை எப்போதுமே தோற்கவைத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் சந்தேகம் வரும். முதல் வாசலைத் தாண்ட விட்டேன். மாசி மாதத்தில் இரண்டாம் வாசலைத் தாண்டினான். கொஞ்சம் கை தேறும்போதெல்லாம் புத்தகத்தை மாற்றினேன். கவிதையிலிருந்து சிறுகதைக்கு, சிறுகதையிலிருந்து கட்டுரைக்கு. அவன் கையின் தேர்ச்சியை உங்களைவிட நுட்பமாக நான்தான் அளந்துகொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். நீங்கள் வாரம் ஒருமுறை பார்த்துத் தாளில் எண் போடுவீர்கள். நான் தினமும் பக்கக் கணக்கில் பார்த்தேன்.

உங்கள் தாளில் எண் ஏறிக்கொண்டுதான் இருந்தது. அவன் அதை நம்பவில்லை. "அந்தம்மா நமக்குத் தெம்பு வரோணும்னு ரெண்டு சேத்திப் போடறாங்க. மிஷினு யாருக்கும் தெம்பு குடுக்காதுண்ணா" என்றான். நான் மறுக்கவில்லை.

மாலை ஆறு மணிக்குமேல் நாங்கள் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். சில நாள் படித்துக் காட்டுவேன். அவன் கூட்டாளிகள் வருவது குறைந்து, பிறகு நின்றுபோனது. வீடு அமைதியாக இருந்தது.

நான் இப்படிச் செய்ததற்குக் காரணம் இருந்தது. கை சரியானால் அவன் ரிக்குக்குத் திரும்பிப் போவான். அந்த வேலையில் எங்கள் ஊரில் மட்டும் இரண்டு பேர் செத்திருக்கிறார்கள். ஒருவன் உடம்பைக் கொண்டுவர நாலு நாள் ஆனது. ஒரு கை போனால் உயிர் மிஞ்சும். யாராக இருந்தாலும் இந்தக் கணக்கை இப்படித்தான் போடுவார்கள்.

மாசிக் கடைசியில் ஒருநாள் ரிமோட்டைக் கட்டிக்கொண்டிருந்தபோது பூபதி சொன்னான். "அண்ணா, ரிக்குக்கு இனிப் போகலண்ணா. போதும். நம்ம ரோட்டு மேல இருக்கற ஸ்கூல்ல பஸ் ஓட்டறதுக்குக் கேட்டிருக்கறேன். ஜூன்ல தொறக்கறவரைக்கும் எடத்த வெச்சிருக்கறேன்னு சொல்லிட்டாங்க. எடது கை கியருக்குப் போறப்ப வலது கை ஸ்டீரிங்கப் புடிச்சு நிறுத்தோணும். அவ்வளவு வந்தாப் போதும். சாயங்காலமானா ஊட்டுக்கு வந்துருவேன்."

மஞ்சுளாவுக்கு முன்பே தெரிந்திருந்தது. அன்று இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை ராசு வந்தான், பின்னாலேயே இரண்டு பைக் வந்தது. "டிரைவர் சார் எங்கீங்க" என்று வாசலிலிருந்தே கேட்டுக்கொண்டு வந்தார்கள். பூபதி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். பஸ்ஸில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நேராக எடை மேடையில் கொண்டுபோய் நிறுத்தி அண்ணனைப் படிப்பிலிருந்து எழுப்பப் போவதாகச் சொன்னான். ராசு விழுந்து விழுந்து சிரித்தான். நான் உள்ளே போய் டீ போட்டேன்.

ரிக் இல்லை என்று ஆன பிறகு என்னிடம் காரணம் இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அதைப் பற்றி யோசித்தேன். மறுநாள் மாலை ரிமோட்டுக்கு அடியில் வைத்தது அறுநூறு பக்க நாவல்.

பங்குனியில் பரமத்தி வேலூரில் ஒரு கல்யாணம். எங்கள் வீட்டிலிருந்து நான்தான் போக வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, மஞ்சுளாவுக்கு விடுமுறை. நான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பூபதி வாசலுக்கு வந்துவிட்டான். நாலே வீச்சு என்றான். மூன்றாம் வாசலைத் தாண்டிவிட்டேன் என்றான். மஞ்சுளா ரிமோட்டை மேசை ஓரத்தில் வைத்து அழுத்திவிட்டுக் கட்டினாளாம். வாள் அவன் சொன்னதைக் கேட்டதாம். அவன் கண் கலங்கியிருந்தது. அவள் அவனுக்குப் பின்னால் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் தாம்பூலப் பையை ஆணியில் மாட்டிவிட்டுக் கேட்டேன். "மஞ்சுளா, எத அமுக்கின?"

"நீங்க அமுக்கற பட்டனத்தானுங்க மாமா."

"அதுக்கு முன்னாடி ஒன்னு கேட்டிருக்குமே. அதுக்கு என்ன குடுத்த?"

"கேட்டுச்சுங்களா? எனக்கு நாவகமில்லீங்க."

"சின்னப் பசங்க ஆடற மாதிரி சுளுவா வெக்கட்டுமான்னு கேக்கும். நீ ஆமான்னு குடுத்துட்ட. அந்த லெவல்ல யாரு வேண்ணாலும் தாண்டலாம்."

அப்படி ஒரு கேள்வி அந்த விளையாட்டில் வராது. அவளுக்கு அது தெரியாது. ஆங்கிலத்தில் இருப்பதையெல்லாம் நான்தான் படித்துச் சொல்வேன் என்பதால் பூபதிக்கும் தெரியாது. அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க" என்றாள் மஞ்சுளா. என்னிடம் சொன்னாளா, அவனிடம் சொன்னாளா தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் ரிமோட்டைத் தொடவில்லை. அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை. அவளிடம் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. பொய்யாக ஒரு சந்தோஷத்தைக் காட்டிவிட்டாள் என்று அவனுக்குக் கோபம்.

மறுநாள் நாவலின் மேல் இன்னொரு சிறிய புத்தகத்தையும் வைத்தேன்.

என்னிடம் அவன் ஒரே ஒரு தடவைதான் கேட்டான். சித்திரையில், வெயில் கடுமையாக இருந்த ஒருநாள். பதினேழு தடவை படியில் உருண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அண்ணா, ஜீரோ சரியாத்தான வெச்ச?"

"பத்தொம்பது வருசமா அதத்தான செய்யறேன்" என்றேன்.

திரும்பி என் முகத்தைப் பார்த்தான். அது எனக்குப் பழகிய பார்வை இல்லை. பிறகு அவன் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"தப்பா எடுத்துக்காதண்ணா. கை வரலைங்கற கடுப்புல கேட்டுப்போட்டேன். உன்னப் போயிக் கேட்டம் பாரு."

அவன் மன்னிப்புக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

வைகாசி இரண்டாம் வாரத்தில் கடைசியாக ஆடினான். அதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள் இருந்தது. இன்று முடியாவிட்டால் அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிடுவேன் என்றான். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டு ஆடினான். நான் சுவரோரம் நின்றேன். மூன்றாம் வாசல்காரன் கேடயத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு காத்திருந்தான். பூபதி பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கினான். முழங்கை நடுங்கியது. கை தோளைத் தாண்டியது. காதைத் தாண்டியது. மணிக்கட்டு அவன் தலைக்குமேல் இருந்தது. நான் பார்த்தேன். வலது அக்குள் முழுவதும் தெரிய, அடிபடுவதற்கு முன்னால் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பானே, அப்படி நின்றான்.

அவன் தன் கையைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் வாள் கல் வீரனின் நெற்றிக்குக் கீழே நின்றது. வீசினான். கேடயத்தில் பட்டது. நாற்பத்திரண்டு படியும் உருண்டான்.

"தலைக்கு மேல போன மாதிரி இருந்துச்சு" என்றான் மெதுவாக.

"இல்ல சாமி. தோளுக்குக் கீழதான் இருந்துச்சு" என்றேன்.

துணிப்பட்டையைப் பல்லால் இழுத்து அவிழ்த்தான். ரிமோட்டை என்னிடம் கொடுத்தான். பள்ளிக்கூடத்துக்கு அவனே போன் செய்து சொன்னான். அதற்குப் பிறகு எந்தப் பயிற்சியும் செய்யவில்லை. கையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்காரப் பழகிவிட்டான். மஞ்சுளா கெஞ்சினாள். மாதேஷ் ஓசூரிலிருந்து வந்து பேசிப் பார்த்தான். நீங்கள் அவன் போனுக்கு மூன்று தடவை கூப்பிட்டீர்கள். மூன்று தடவையும் எடுத்தது நான். முதல் தடவை தூங்குகிறான் என்றேன். இரண்டாம் தடவை கோயமுத்தூர் போயிருக்கிறான் என்றேன். மூன்றாம் தடவை, அந்த விளையாட்டை ஆடி ஆடித்தான் தோளில் வலி அதிகமாகி இப்போது கையே வரவில்லை, இனிமேல் கூப்பிட வேண்டாம் என்று சொல்கிறான் என்றேன். "சாரிங்கண்ணா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். அவனுக்கு வலியே இருந்ததில்லை.

இவ்வளவுதான் நடந்தது. அவன் கை வந்துவிட்டிருந்தது. அதை அவனுக்குத் தெரியாமல் வைத்திருந்தேன். தெரியாததால் அவன் அதை விட்டுவிட்டான். விட்டுவிட்டதால் அது செத்துவிட்டது. அந்த விளையாட்டைச் சொன்ன உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. இதை நீங்கள் அவனிடம் காட்டுவதானால் காட்டலாம். நான் தடுக்கமாட்டேன். ஆனால் அவன் நம்பமாட்டான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் வைத்தியத்தை விட்டுவிட்டுச் சூரமங்கலத்தில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பதாகப் போன வாரம் சொன்னீர்கள். மறுபடி ஆரம்பிக்கலாம் என்பது என் அபிப்பிராயம். அந்தப் பள்ளிக்கூடத்துப் பஸ்ஸை இப்போது ராசு ஓட்டுகிறான். எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. மாதேஷ் கல்யாணம் செய்துகொண்டு ஓசூரிலேயே இருக்கிறான். மஞ்சுளா போன ஐப்பசியில் அவள் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. விவாகரத்து நோட்டீஸ் வந்திருக்கிறது, பூபதி கையெழுத்துப் போடுகிறேன் என்றிருக்கிறான், இடது கையால். அவனுடைய வலது கை முழங்கைக்குக் கீழே சிறு பிள்ளையின் கைபோல மெலிந்துவிட்டது. விரல்கள் உள்ளே மடங்கிவிட்டன. ஊனச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நான் எடை மேடையில்தான் இருக்கிறேன். காலையில் அவனுக்குச் சட்டை மாட்டி, பொத்தான் போட்டு, சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு வருகிறேன். மத்தியானம் நேராக வீட்டுக்குப் போய்விடுகிறேன். என் காலத்துக்குப் பிறகு அவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது ஒன்றுதான் என் கவலை.